ரேஷன் கார்டை அளவுகோலாக வைத்தால் விடுபடுவது யார்? மிக்ஜாம் வெள்ள நிவாரணம், 2023: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடற்கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபடி கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. புயல் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. 9ஆம் தேதி தமிழக அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 17ஆம் தேதி முதல் ரேஷன் கடைகளில் டோக்கன் வரிசைப்படி ரொக்கமாகக் கொடுத்தார்கள். சுமார் 24 லட்சம் அட்டைகள். தொகை 1,450 கோடி ரூபாய்க்கு மேல்.

புயல் கரை கடந்த பன்னிரண்டாம் நாள் பணம் கைக்கு வரத் தொடங்கியது என்பது பெரிய விஷயம். பேரிடர் நிர்வாகத்தில் வேகமும் நியாயத்தின் ஒரு பகுதிதான். மூன்று மாதம் கழித்து வரும் பணம், கந்துவட்டிக்கு வாங்கிய கடனின் வட்டிக்குத்தான் போகும்.

அட்டை வழியே நேராக வர முடியாதவர்கள் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லப்பட்டது. அட்டையே இல்லாதவர்கள், சர்க்கரை அட்டைக்காரர்கள், வருமான வரி கட்டுவோர், அரசு உயர் அலுவலர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே வழிதான். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அதாவது, பட்டியலில் இருந்த ஐந்து குடும்பங்களுக்கு, வெளியே நின்று கேட்ட குடும்பம் கிட்டத்தட்ட ஒன்று. வெளியே நின்ற அந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இந்த ஆய்வு. அட்டை வைத்திருந்தவருக்கு டோக்கனில் தேதியும் நேரமும் இருந்தது. விண்ணப்பித்தவருக்கு இருந்தது காத்திருப்பு மட்டும்.

ஏன் அட்டை?

2015 வெள்ளத்தில் வேறு வழி பின்பற்றப்பட்டது. வருவாய்த் துறையினர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வெள்ளம் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தவருக்கு 10,000 ரூபாய் என்று வங்கிக் கணக்கில் போடப்பட்டது. கொள்கையளவில் இதுவே சரியான முறையாகத் தெரியும்: தண்ணீர் புகுந்த வீட்டைப் பார்த்து, அந்த வீட்டுக்கு மட்டும் பணம். ஆனால் வீட்டுக் கணக்கெடுப்பு எங்கே உடையும் என்பது களத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கணக்கெடுப்பவர் வரும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும், ஏனென்றால் வீட்டுக்காரர் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பார். பிரதான தெருவோடு கணக்கு முடிந்துவிடும். சந்துக்குள் இருக்கும் ஒண்டுக் குடித்தனங்கள் விடுபடும். ஒரே வீட்டுக்கு வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தனித்தனியாகப் பெயர் கொடுப்பார்கள். வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் பணம் திரும்பிப் போகும், அது ஏன் வரவில்லை என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இதோடு ஒப்பிட்டால் அட்டைப் பட்டியல் கையில் தயாராக இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரின் ஆதாரும் அதில் இணைந்திருக்கிறது. எந்த அட்டை எந்தக் கடைக்கு என்பது தெரியும். ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பரிசு கொடுத்துப் பழகிய விற்பனையாளர்கள், பழகிய டோக்கன் முறை, பழகிய பிஓஎஸ் கருவி (கடையில் விற்பனையைப் பதியும் கைக்கருவி). ஆயிரம் அட்டை உள்ள கடையில் காலை நூறு, மாலை நூறு என்று டோக்கன் கொடுத்தால் ஐந்து வேலை நாளில் வேலை முடியும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் நாளுக்கு ஏழு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ரொக்கமாகக் கொடுத்ததையும் பலர் குறை சொன்னார்கள். ஏடிஎம் கார்டும் பாஸ்புக்கும் தண்ணீரில் போன வீட்டுக்கும், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்துக்கொள்ளும் கணக்குக்கும் அந்த வாரத்தில் ரொக்கம்தான் உதவும் என்பதே எங்கள் கருத்து. கடைக்கு நடந்து வர முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு மட்டும் வங்கி வழியோ வீடு தேடிப் போய்க் கொடுப்பதோ தேவை.

ஆக, அட்டையைப் பயன்படுத்தியதில் தவறில்லை. அட்டையை மட்டுமே முழு வேகமுள்ள வழியாக வைத்ததில்தான் சிக்கல்.

அட்டை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை

இந்தக் குடும்பத்துக்கு இந்த முகவரியில் பதிவு இருக்கிறது என்பதை மட்டுமே அட்டை சொல்லும். அந்தக் குடும்பம் டிசம்பர் 4ஆம் தேதி அங்கேதான் இருந்ததா என்று அது சொல்லாது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்பதும் அதில் இல்லை. இந்த இரண்டு இடைவெளிகளிலும்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

முதலில் வாடகைக்காரர்கள். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ சொந்த ஊர் முகவரியில் அட்டையை வைத்துக்கொண்டு சென்னையில் குடியிருப்பவர்கள் ஏராளம். முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க மாட்டார், ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும். இவர்களை அரசால் கண்டுபிடிக்க முடியாது என்பது சரியல்ல. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டின் எந்த அட்டையைக் கொண்டும் மாநிலத்தின் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். அப்படி வாங்கினால் பிஓஎஸ் கருவியில் பதிவாகிறது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதங்களில் இரண்டு மாதமாவது வேளச்சேரிக் கடையில் அரிசியோ சர்க்கரையோ வாங்கிய திருநெல்வேலி அட்டை, வேளச்சேரியில் வாழும் குடும்பத்தின் அட்டை. இந்தப் பட்டியலை சர்வரிலிருந்து ஒரே நாளில் எடுக்கலாம். விண்ணப்பமே தேவையில்லை, நேராக டோக்கன் கொடுத்துவிடலாம்.

அடுத்து, புதிதாகத் திருமணமானவர்களும் தனிக்குடித்தனம் போனவர்களும். புதிய அட்டைக்கு மனு போடும் முன் பெற்றோர் அட்டையில் இருந்து பெயரை நீக்க வேண்டும். நீக்கியதற்கும் புதிய அட்டை வருவதற்கும் இடையே அந்த இருவரும் எந்த அட்டையிலும் இல்லை. 2023 நடுப்பகுதியில் மகளிர் உரிமைத் தொகைப் பணிகளை ஒட்டிப் புதிய அட்டை வழங்கல் தேங்கிப்போனதால் இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீண்டது. மனு நிலுவையில் இருக்கும் குடும்பங்களின் பெயர், ஆதார், முகவரி எல்லாம் உணவுப் பொருள் வழங்கல் துறையிடமே இருந்தன. அரசின் தாமதத்தால் அட்டை இல்லாதவரை அட்டை இல்லை என்று தனி வரிசையில் நிறுத்துவது நியாயமே இல்லை. நிலுவை மனுவின் எண்ணையே தற்காலிக அட்டை எண்ணாக ஏற்க வேண்டும். பின்னால் மனு தள்ளுபடியானால்கூட, தண்ணீர் புகுந்த வீட்டில் அவர் குடியிருந்தது உண்மைதானே.

மூன்றாவதாக வெளிமாநிலத் தொழிலாளர்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் ஒடிசா அட்டைக்கும் பீகார் அட்டைக்கும் இங்கே தானியம் கிடைக்கும். மாநில அரசின் நிவாரணம் கிடைக்காது. கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் இருப்பவருக்கு மின் இணைப்பு எண்ணும் இருக்காது, வாடகை ரசீதும் இருக்காது. இங்கே சான்று தர வேண்டியவர் ஒப்பந்ததாரர். கொட்டகை எந்த இடம், அந்த வாரம் எத்தனை பேர் என்று அவரிடம் எழுதி வாங்கி, தொழிலாளர் துறை ஆய்வாளர் சரிபார்த்தால் போதும். குடும்பமாக இல்லாமல் ஆறேழு ஆண்கள் சேர்ந்து தங்கியிருக்கும்போது ‘குடும்பத்துக்கு 6,000’ என்ற அலகே பொருந்தாது. அவர்களுக்குத் தலைக்கணக்கு வேண்டும்.

நான்காவது, எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்: நடைபாதையில் வசிப்போர், நீர்நிலைப் புறம்போக்கில் புதிதாகக் குடிசை போட்டவர்கள், பிறந்த வீட்டு அட்டையிலேயே பெயர் தங்கிவிட்ட திருநங்கையர், கணவர் அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் பிரிந்து வாழும் பெண்கள். கடைசியில் சொன்ன பெண்களை எந்தக் கணினிப் பட்டியலும் காட்டாது. பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது, பணம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அட்டையின் பணம் ஏற்கெனவே வாங்கப்பட்டது என்று திரையில் வந்தவுடன் அவரைத் திருப்பி அனுப்புவதே வழக்கம். தனியாக வாழ்கிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் பகுதி அங்கன்வாடி ஊழியர் ஒரே நடையில் உறுதி செய்துவிடலாம்.

ஐந்து லட்சம் மனுக்களைச் சரிபார்க்க முடியுமா?

விண்ணப்பம் வாங்குவது எளிது. வாங்கியதை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கணக்குப் போடாததால்தான் இரண்டாவது வரிசை நகராமல் போகிறது. ஒரு களப் பணியாளர் ஒரு நாளில் 25 வீடுகளைப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் மனுக்களுக்கு 20,000 ஆள்நாட்கள். 500 பேரை இதற்கென்றே ஒதுக்கினாலும் 40 வேலை நாட்கள். அந்த 500 பேர் யார்? விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), மாநகராட்சி உதவியாளர். அதே வாரத்தில் முகாம், குளோரின் மாத்திரை, இறந்த கால்நடை, பயிர்ச் சேதக் கணக்கு எல்லாம் அவர்கள் தலையில்தான். போதாக்குறைக்கு 2023இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கின. சென்னையில் பணம் கொடுக்கத் தொடங்கிய அதே நாளில் தெற்கே இன்னொரு பேரிடர்.

எனவே நூற்றுக்கு நூறு நேரடிச் சரிபார்ப்பு என்பது நடக்காத காரியம். நடக்காத ஒன்றை விதியாக வைத்தால் மனுக்கள் மூட்டையிலேயே கிடக்கும். செய்யக்கூடியது மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு கணினி. விண்ணப்பதாரரின் ஆதார் ஏற்கெனவே பணம் பெற்ற அட்டையில் இருக்கிறதா என்று பார்ப்பது. இரட்டைக் கோரிக்கைகளில் பெரும்பகுதி இங்கேயே வடிந்துவிடும்.

இரண்டாவது அடுக்கு இடம். வெள்ளம் சூழ்ந்த தெருவா என்று பார்ப்பது. மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் மோட்டார் வைத்து நீர் இறைத்த தெரு, படகு போன தெரு, உணவுப் பொட்டலம் கொடுத்த தெரு எல்லாம் அன்றாடப் பதிவில் இருக்கும். அந்தப் பதிவே சான்று. விண்ணப்பத்தில் தெருவைக் கண்டுபிடிக்க நல்ல திறவுகோல் மின் இணைப்பு எண். வாடகைக்காரருக்கும் அது மனப்பாடம், ஒவ்வொரு எண்ணுக்கும் இடம் உறுதி. ஒரே இணைப்பில் நான்கு குடித்தனம் இருக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரே எண்ணில் இரண்டாவது மனு வந்தால் தானாகத் தள்ளுபடி செய்யும்படி மென்பொருளை அமைத்தால், ஒண்டுக் குடித்தனக்காரர் அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள்.

மூன்றாவது அடுக்கு மாதிரிச் சரிபார்ப்பு. மீதமுள்ளவர்களுக்கு உறுதிமொழியின் பேரில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பத்தில் ஒரு மனுவைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் பார்ப்பது. மேலே சொன்ன கணக்கில் 20,000 ஆள்நாள் 2,000 ஆகும். 500 பேருக்கு நான்கு நாள் வேலை. ஒரு கடையின் மாதிரியில் பொய் மனுக்கள் மிகுதியாக இருந்தால் அந்தக் கடையின் மனுக்களை மட்டும் முழுதாகப் பார்க்கலாம்.

உறுதிமொழி என்றால் ஊழல் என்ற பயம் எப்போதும் எழும். அமெரிக்காவின் அனுபவம் இங்கே உதவும். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது, வீட்டு உரிமைப் பத்திரம் இல்லை என்ற காரணத்தால் பல்லாயிரக்கணக்கான குடும்பங்களின் மனுக்களைக் கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபெமா நிராகரித்தது. அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல. தாத்தா கட்டிய வீட்டில் பாகப்பிரிவினையோ உயிலோ இல்லாமல் தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அங்குள்ள சட்ட உதவி அமைப்புகள் போராடியதில், 2018இல் உறுதிமொழிப் படிவம் ஒன்றை ஏற்க ஃபெமா ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் படிவம் இருப்பது ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட பலருக்கும் போய்ச் சேரவில்லை. 2021 செப்டம்பரில்தான் நாடு முழுவதற்குமான விதி மாறியது. வாரிசு வீடுகளுக்கும், இடம் பெயர்த்து நிறுத்தக்கூடிய வண்டி வீடுகளுக்கும் வேறு ஆவணம் எதுவும் கிடைக்காதபோது சொந்த உறுதிமொழியே போதும், பெரிய பழுதுபார்ப்புக்கான ரசீதும் உள்ளூர் அதிகாரியின் கடிதமும் சான்றாகும் என்று ஆனது. பட்டா இல்லாமல் கிராம நத்தத்திலும் புறம்போக்கிலும் வாழும் குடும்பங்களை அறிந்த நமக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று: மாற்று ஆவணத்தை ஏற்பதோடு அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்ல வேண்டும். கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டாத சலுகை கிடைக்காத சலுகைதான்.

உறுதிமொழிப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெயர், ஆதார், கைபேசி, தண்ணீர் வந்த நாளில் தங்கியிருந்த இடம், மின் இணைப்பு எண் அல்லது அருகிலுள்ள அடையாளம், தண்ணீர் எந்த அளவு ஏறியது, எத்தனை நாள் நின்றது, உடன் வசிப்பவர்கள், அதே தெருவில் ஏற்கெனவே நிவாரணம் பெற்ற இரண்டு அண்டைவீட்டாரின் அட்டை எண்ணும் கையெழுத்தும். நோட்டரி, முத்திரைத்தாள், கெஜட்டட் அலுவலர் கையெழுத்து எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த நாளே கடைக்கு எதிரில் படிவம் நூறு ரூபாய்க்கு விற்கும்.

எல்லைக் கோடும் தொகையும்

சென்னை மாவட்டம் முழுவதும், தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் போன்ற வட்டங்கள் முழுமையாகவும், திருப்போரூரில் மூன்று கிராமங்கள் மட்டும் என்றும் மிக்ஜாம் நிவாரணப் பகுதிகளின் பட்டியல் அமைந்தது. இதில் மாடியில் வசித்து ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காதவருக்கும் 6,000, தரைத்தளத்தில் ஃப்ரிட்ஜ், பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இழந்தவருக்கும் 6,000. தென் மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு 6,000, மற்றவற்றுக்கு 1,000 என்று இரண்டே படிகள். ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் 5,000 ரூபாய் குறையும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் 2,000 ரூபாய். பின்னிப் பிணைந்த எல்லையின் மறுபக்கத்தில் புதுச்சேரி அரசு எல்லா அட்டைகளுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. இரண்டு அரசுகளின் முடிவை ஒன்றாக்க முடியாது. ஒரே மாநிலத்துக்குள் உள்ள பள்ளத்தையாவது படிகளாக்கலாம்.

தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நின்றதா என்பது வழக்கமாகப் பார்க்கும் அளவு. மாநிலப் பேரிடர் நிதியின் விதிகளிலும் துணிமணி, பாத்திரங்களுக்கான உதவிக்கு இதுவே அளவுகோல். சிக்கல் என்னவென்றால் வட்டம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. அளக்க வேண்டிய அலகு தெரு. தெருவிலும் தரைத்தளம் வேறு, மாடி வேறு. பகுதி முழுவதற்கும் சிறிய அடிப்படைத் தொகையை அட்டை வழியே உடனே கொடுத்துவிட்டு, தண்ணீர் நின்ற தெருக்களின் தரைத்தளக் குடும்பங்களுக்கு இரண்டாவது தவணையைக் கூடுதலாகக் கொடுப்பது செலவைக் கூட்டாமலே நியாயத்தைக் கூட்டும்.

குடும்ப அளவும் அப்படித்தான். தனி ஆளுக்கும் ஏழு பேர் குடும்பத்துக்கும் ஒரே 6,000. அட்டைக்கு 2,500, தலைக்கு 1,000 என்று மாற்றிப் பாருங்கள். சராசரிக் குடும்பம் மூன்றரைப் பேர் என்று எடுத்துக்கொண்டால் அரசுக்கு அதே 6,000தான் செலவு. தனி ஆளுக்கு 3,500, ஏழு பேருக்கு 9,500. உறுப்பினர் எண்ணிக்கை பிஓஎஸ் திரையிலேயே தெரிகிறது. இதற்கு எதிரான நியாயமான வாதம் ஒன்று உண்டு: ஆளுக்கு ஆள் தொகை மாறினால் விற்பனையாளர் குறைத்துக் கொடுக்க வாய்ப்பு வரும். அதற்கு மருந்து, தொகையை டோக்கனிலேயே அச்சிடுவது.

தொழிலை இழந்தவர்கள்

வீட்டுக்கான உதவியைவிட இங்கே விடுபடுவோர் அதிகம், பேசப்படுவதோ குறைவு. அதே வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மாநில அரசு 8.68 கோடி ரூபாய் ஒதுக்கியது: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. படகுக்கு எண் இருக்கிறது, பதிவு இருக்கிறது. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணுக்கும், கருவாடு போடுபவருக்கும், தலைச்சுமையில் மீன் விற்பவருக்கும் பதிவு கிடையாது. தொழிலின் சேதத்தைக் கருவியின் பதிவை வைத்து அளந்தால் கையே கருவியாக இருப்பவர் எப்போதும் கடைசியில்தான். மீன்வளத் துறை பட்டியல் எடுக்கும்போது படகு உரிமையாளர் சங்கத்திடம் மட்டும் கேட்காமல், பெண்கள் சுயஉதவிக் குழுவிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

வயலிலும் இதே கதை. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று 2023 டிசம்பரில் உயர்த்தப்பட்டது. வாய்மொழிக் குத்தகைக்காரர் விதைத்து, கடன் வாங்கி, களை எடுத்திருப்பார். பணமோ நில உரிமைப் பதிவான சிட்டாவில் பெயர் உள்ளவர் கணக்குக்குப் போகும். பயிர் செய்தவர் பெயரைக் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் எழுதுவது விஏஓவின் கடமை. நில உரிமையாளர் மறுப்பார் என்ற பயத்தில் அது எழுதப்படுவதில்லை. குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969 முதலே இருந்தும் பதிவுகள் குறைவு. நிவாரணத்துக்கு மட்டும் செல்லும், நிலத்தில் எந்த உரிமையும் தராது என்ற வாசகத்தோடு தனிச் சாகுபடிச் சான்று கொடுத்தால் உரிமையாளரின் எதிர்ப்பு பெருமளவு தணியும்.

மழைக்கு முன் முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டு இறுதிக்குள் ஒவ்வொரு கடைக்கும் மூன்று பட்டியல் தயாராக வேண்டும்: கடையின் சொந்த அட்டைகள், அந்தக் கடையில் தொடர்ந்து வாங்கும் வெளியூர் அட்டைகள், நிலுவையிலுள்ள புதிய மனுக்கள். நடைபாதைவாசிகள், புறம்போக்குக் குடிசைகள், தொழிலாளர் கொட்டகைகள் ஆகியவற்றின் வார்டு வாரிப் பட்டியலைச் செப்டம்பரில் எடுக்கலாம். மழை நின்ற முதல் மூன்று நாளில் வார்டு பொறியாளர் தெருக்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும், ஏனென்றால் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை மக்கள் ஒரு வாரத்துக்குள் கழுவிவிடுவார்கள். பணம் கொடுக்கத் தொடங்கும் அதே நாளில், அதே கடை வாசலில், உறுதிமொழிக்கான இரண்டாவது மேசையும் திறந்தாக வேண்டும். எழுத உதவ மகளிர் குழுவிலிருந்து ஒருவர் உட்காரட்டும்.

மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணம் குறுஞ்செய்தியில் தமிழில் வர வேண்டும், வெளிமாநிலத்தவருக்கு இந்தியிலும். ‘தகுதியில்லை’ என்பது காரணம் ஆகாது. ‘உங்கள் ஆதார் வேறு அட்டையில் உள்ளது’, ‘தெரு பட்டியலில் இல்லை’ என்று சொன்னால்தான் மேல்முறையீட்டில் எதை நிரூபிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மனுவைத் தள்ளுபடி செய்த அலுவலரே மேல்முறையீட்டைக் கேட்கக் கூடாது. தாசில்தார் தள்ளியதை ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) கேட்கட்டும், 15 நாளில் முடிக்கட்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் அடிப்படையில் நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. பாகுபாடு நடந்ததா என்று பார்க்க எண்கள் வெளியே இருக்க வேண்டும். எனவே வட்டம் வாரியாக ஐந்து எண்களை வாரந்தோறும் வெளியிடலாம்: அட்டை வழியே பெற்றவர்கள், விண்ணப்பித்தவர்கள், அவர்களில் பெற்றவர்கள், காரணம் வாரியாகத் தள்ளுபடி ஆனவர்கள், விண்ணப்பித்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையிலான நாட்கள். அட்டைக்காரருக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே அந்தக் கடைசி எண் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மாவட்ட ஆட்சியர் தன் வாராந்திரக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டும்.